போனில் நான் கேட்ட முதல் கேள்வி

"தம்பி, ஒங்க மாமா நம்மள வுட்டுட்டுப் பூட்டாரு" என்று மல்லிகா அக்கா கடலூரிலிருந்து போனில் அழுதபோது, என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கை கூசுகிறது. "அக்கா, அந்த வக்கீல் சிஸ்டத்த மாட்டிட்டாரா?"

சிதம்பரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் சிங்காரம் மாமாவைத் தெரியும். உறவு இல்லை, கூட்டாளி. நான் மாமா என்பேன், அவர் மச்சான் என்பார். மல்லிகா அக்கா அவர் மனைவி. கழற்றியவர்தான் மாட்ட வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்பது கழற்றிய கைக்குத்தான் தெரியும். சனிக்கிழமை ஒரு வக்கீலின் சி.பி.யு.வைப் பிரித்தவர், "லீவுல வூட்ல வச்சி முடிச்சிடறேன் மச்சான்" என்று கடலூருக்குப் பஸ்ஸில் தூக்கிப் போனார். திங்கள் காலை வக்கீல் என்னைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அக்காவின் போன். இதெல்லாம் ஒரு சமாதானமா? சீ, என்ன மனுஷன் நான்!

ஒருமுறை பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் சிஸ்டம் செத்துவிட்டது என்று போனோம். திறந்தால், மதர்போர்டெல்லாம் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு அங்கே வேலை செய்கிற பெண், உள்ளேயும் சாமி பார்க்கட்டும் என்று மூடியைக் கழற்றிப் பொட்டு வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா என் காலை மிதித்தார். பிரஷ்ஷால் துடைத்து, காயவைத்து, ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். ஓடியது. "தூசி அடச்சிகிச்சி மொதலாளி, இந்த ஊருல சகஜம்" என்றார். வரும்போது பஸ்ஸில் என்னைத் திட்டினார்: "அந்தப் பொண்ணு நாளைக்கும் அங்க வேலைக்குப் போவணும்ல?"

சாவு வீட்டில் நான் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்ததும், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்தத் தம்பிதான். சேதி கேட்டதும் அவுரு வுட்ட வேலையதான் கேட்டுச்சி. அம்மாம் பொறுப்பு." நாலு பேர் தோளைத் தட்டினார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

காரியம் முடிந்த மறுநாள் வக்கீலின் மிஷினை மாட்ட அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கழற்றியதை நான் மாட்டியதே இல்லை. ஒரு ஒயர் எங்கே போகும் என்று தெரியாமல் வெகுநேரம் தடவினேன். ஒருவழியாக ஆன் ஆனது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, அது பொறுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வக்கீலுக்குப் பயந்துகினு கேட்டுட்டேன்."

"தெரியும் தம்பி. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சி. எங்க அண்ணன் தம்பிங்கல்லாம் கேட்டுட்டு மொறச்சிகினு நின்னாங்க. நான் வேற என்னாதான் சொல்றது?"

புருஷனைக் கிடத்தி வைத்திருந்த நேரத்தில் என் மானத்தையும் பார்த்திருக்கிறார். சிங்காரம் மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்த வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் வருகிற இந்தக் கூச்சம்தான். அது போகாமல் இருக்கட்டும்.