திருடனுக்குச் சோறு போட்ட விளையாட்டு

குழம்பு சமையக்காரனை எதிர்த்துப் பேசாது, சட்டை தையக்காரனை மடக்காது. கதை விளையாட்டு மட்டும்தானுங்க கட்டினவனையே கேள்வி கேட்டு உக்கார வெச்சுப்போடும். எதையாவது பாத்துப் பாத்துச் செஞ்சு நாலு பேர் கையில குடுத்துட்டு, அவங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தவங்க இதைப் படிச்சா, என் வயித்தெரிச்சல் சொல்லாமலே புரியும்.

புரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேரு உக்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவாரு. மத்தவங்க ஆளுக்கொரு வேசம். "இப்ப என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா, அந்த வேசத்துக்காரங்க பதில் சொல்லோணும். அது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும். அந்தக் கதையையும் சட்டத்தையும் கட்டறது என் வேலை. எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு, வால்பாறை பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்காம இருக்கோணும்னு ஜனங்களுக்குக் கதை சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

பொண்ணு பாக்க வந்த இடத்துல

மகளைப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. "ரிட்டையர் ஆனப்புறம் என்ன பண்றீங்க?"ன்னு மாப்பிள்ளையோட அப்பா கேட்டாரு. சொன்னேன். "அதுல யாருங்க ஜெயிப்பாங்க?"ன்னாரு. யாரும் ஜெயிக்க மாட்டாங்கன்னேன். "தோக்கறது?" யாரும் தோக்கவும் மாட்டாங்கன்னேன். மனுசன் கையில இருந்த மிச்சரைத் திருப்பித் தட்டுலயே போட்டுட்டாரு.

ஊட்டுக்காரிக்கு முகமே இல்ல. "ஒண்ணாச்சும் புஸ்தகமா, பொட்டியா அச்சுல வந்தா, இதான் அவரு தொழில்னு நாலு பேர்கிட்டச் சொல்லுவேன்"னு அவ ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தா. எனக்கும் அதே ஏக்கம்தான். அச்சுல வந்தா தொழில், வரலீன்னா சீக்கு. கிளம்பும்போது மாப்பிள்ளையோட அம்மா அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டது எனக்கும் கேட்டுச்சு: "ஏனுங்க, அண்ணனுக்கு இது எத்தனை நாளா இருக்குதுங்க?"

மச்சான் காளையைத் தேடினது

என் கதை இதுதான்: கட்டுத்தறியில இருந்த காளையை ஒரு திருடன் ஓட்டிட்டு மலையேறிட்டான், ஆடறவங்க தேடிப் போயி மீட்டுட்டு வரோணும். முதல்ல காங்கேயத்துல மச்சான் ஊட்டுல ஆடிப் பாத்தேன். ஊட்டுக்காரிக்கு அண்ணன், மாடு வளக்கறவரு. இவரை விட்டா வேற யாரு காளையைத் தேடப் போறாங்கன்னு நெனச்சேன்.

"காளை காணோமுங்க மச்சான். என்ன பண்றீங்க?"

"பல்லு எத்தனை?"

மாட்டுக்குப் பல்லை எண்ணித்தான் வயசு சொல்றதாம், எனக்கு எப்படித் தெரியும்? கொம்பு எப்படின்னாரு. நெறம் மயிலையா செவலையான்னாரு. வாய்க்கு வந்தபடி, "வயசான காளைங்க"ன்னு சொல்லிப்போட்டேன். மச்சான் வேட்டியை ஒதறிட்டு எந்திரிச்சாரு. மலை அடிவாரம்கூட இன்னும் வரல. அதுக்குள்ள என் விளையாட்டை முடிச்சு வெச்சுட்டாரு: "அப்ப உடுங்க மாப்ள, திருடுனவனே தீனி போட்டுக்கட்டும்."

நல்லா இருந்துச்சுங்க

அதுக்கப்புறம் காளையைக் கன்னுக்குட்டியா மாத்தினேன். தாய் செத்து, ஆடறவங்களே கையால பால் ஊத்தி வளத்த கன்னு. இப்பத் தேடிப் போவாங்கல்ல?

கோயமுத்தூர்ல விளையாட்டுச் சாமான் கடை வெச்சிருக்கற சுமதிகிட்டக் கொண்டு போனேன். பொட்டி போட்டு அச்சடிக்கறதும் அந்த அம்மணிதான். "முன்னப் பின்னத் தெரியாதவங்க நடுவுல எந்திரிக்காம ஆடி முடிக்கட்டும்ங்கண்ணா, அச்சுக்குக் குடுத்தறேன். இல்லீன்னா என்னால ஆகாது"ன்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் கடையில உக்காந்தாங்க. அடிவாரம் தாண்டுனாங்க, காடு தாண்டுனாங்க. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. திருடன் வேசம் எனக்குத்தான். "பாறை மறைவுல இருந்து அருவாளோட வந்து நிக்கறேன். என்ன பண்றீங்க?"ன்னு கர்ஜிச்சேன். ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏனுங்க தம்பி, சாப்டீங்களா?"ன்னாங்க.

இல்லீங்கன்னுட்டேன். வாய் தவறி வந்துருச்சு. கட்டுச்சோத்தைப் பிரிச்சாங்க. எந்த ஊரு, யாரு ஊட்டுப் பையன்னு விசாரிச்சாங்க. கடைசியில அதுல ஒருத்தருக்கு நான் பங்காளி முறைன்னு ஆயிப்போச்சு. சண்டைக்குப் பகடையை நீட்டினா ஒருத்தரும் தொடல. சோறு போட்ட கையால எப்படி அடிக்கறதாம். கன்னு என்ன ஆச்சுன்னு தெரியாமலே எல்லாரும் கை கும்பிட்டு எந்திரிச்சுட்டாங்க: "நல்லா இருந்துச்சுங்க, வாரோமுங்க."

ரெண்டு கையும் நெறஞ்சப்ப

நம்ம ஜனங்க நல்லா இருந்துச்சுங்கன்னு சொன்னா அதுக்குப் பத்து அர்த்தம். சுமதி பகடையைப் பொறுக்கி என் கையில குடுத்துட்டு, "இன்னும் ஒரு கூட்டம் பாக்கலாம்ங்கண்ணா, அதோட சரி"ன்னுச்சு.

யோசிச்சு யோசிச்சு அருவாளை எடுத்துட்டேன். சண்டைச் சட்டத்தையும் கிழிச்சுப்போட்டேன். எப்படியும் இவங்க சோறுதான் போடப் போறாங்க. அப்ப உபசாரத்துக்கே பகடை போடட்டும். நல்ல எண்ணு விழுந்தா திருடனுக்குக் கூச்சம் ஏறும். கூச்சம் உச்சிக்குப் போனா கன்னை விட்டுருவான்.

அடுத்த கூட்டத்துல சூலூர்ல தறி ஓட்டற சாந்தாமணின்னு ஒரு அம்மணி. பந்தியில பரிமாற நிக்கற மாதிரி மேசையோரமா நின்னே ஆடுச்சு. "இன்னொரு கரண்டி போட்டுக்குங்க." பகடை விழுந்துச்சு. "மோர் ஊத்திக்குங்க." அதுவும் விழுந்துச்சு. ஆனா கடைசிப் பகடை கவுத்துப்போட்டுது. திருடன் கை கழுவிட்டுக் கன்னோட கயித்தைப் புடிச்சு எந்திரிச்சுட்டான். சட்டப்படி அவன் போலாம், கன்னும் போச்சு. மத்தவங்க நாற்காலியைப் பின்னால தள்ளுனாங்க. சுமதி கல்லாவுல இருந்து எட்டிப் பாத்துச்சு.

"சித்த இருங்கண்ணா"ன்னுச்சு சாந்தாமணி. "வந்தவிய வெறுங்கையோட போகக் கூடாதுங்க. ஊட்டுல கொழந்தைங்க இருப்பாங்கல்ல?" வாயாலயே எடுத்து நீட்டுச்சு: தேங்கா ஒரு பை, முறுக்கு ஒரு தூக்குப்போசி, வாழைத்தார் ஒண்ணு. வேண்டாமுங்கன்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாந்தடவை சொல்ல வாய் வரல. நானும் இந்த ஊர்க்காரன்தானுங்களே. வலது கையில பை, இடது கையில போசி, தோள்ல தார். அப்பறந்தான் உறைச்சுது, கயித்தை எதுல புடிக்கறது? இதுக்கு என் சட்டத்துல எங்கயும் தடையே இல்ல. மேசையே சிரிப்புல ஆடுது. கயித்தைக் கீழ போட்டேன். சாந்தாமணி குனிஞ்சு எடுத்துக்கிட்டு, நெசமாவே விருந்தாளியை வழியனுப்பற மாதிரி சொன்னது: "நீங்க பாத்துப் போங்கண்ணா, கயிறு எங்க கையிலயே இருக்கட்டும்."

பக்கம் பக்கமா அடிதடிக்குச் சட்டம் கட்டினவன் நானு, பொட்டி போட்டு அச்சுல வந்தது என்னமோ பந்தி பரிமாறற சட்டம்தானுங்க.