ஒட்டுக் கோட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவள் எஸ்.டி.டி. பூத் நிழலில் கூடையை இறக்குகிறாள். அவள் மூட்டையிலிருந்து ஐந்து பழைய சுங்குடிச் சேலைகளை விலைக்கு வாங்குகிறேன். இவற்றை வெட்டி, கையால் கோட்டு தைத்து விற்பதுதான் நான் தொடங்கியிருக்கும் தொழில். இதுவரை எதுவும் விற்கவில்லை. முதலில் தைத்ததை நானே போட்டுக்கொண்டு திரிகிறேன்.

அவள் என் கோட்டின் ஓரத்தைத் திருப்பி, தையலை இழுத்துப் பார்க்கிறாள். விற்கக் கொண்டுபோய்க் காட்டியபோது சென்னைக் கடைக்காரர்கள் யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"ஒட்டுப் போட்டதுதான். ஆனா தையல் கெட்டியா இருக்கு தாயி. கழட்டிக் குடு, ஒரு டம்ளர் தாரேன்."

"தூக்குச்சட்டி குடுங்கக்கா."

"மூடி கெடையாது, பாத்துக்கோ."

மூடியில்லாத தூக்குச்சட்டியோடு மதுரை பஸ்ஸில் ஏறுகிறேன். தொழில் தொடங்கிவிட்டது.