மல்லாட்டைத் தோலுக்கு ஒரு பேனர்

என் மாமாவுக்குப் பேனர் வைக்கக் காரணமே வேண்டாம், கம்பு இருந்தால் போதும். அம்மாவின் தம்பி அவர். கட்டட மேஸ்திரி என்பதால் சாரம் கட்டுகிற சவுக்குக் கம்புக்குப் பஞ்சமே கிடையாது. காதுகுத்து, மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, யாரோ ஒருத்தர் டிராக்டர் வாங்கியது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் முனையில் ஒரு பேனர் நிற்கும். எல்லாப் பேனரிலும் மாமா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் வாயைக் கொடுத்துவிட்டேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆற்றல் தொடர்பான அடிப்படை ஆராய்ச்சிக்காக இளம் ஆசிரியர்களுக்கு மத்திய அரசு தருகிற நிதிக்கு விண்ணப்பித்திருந்தேன். விஷயம் எளிதுதான். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதன் தோலை, அதாவது மேல் ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டால் ஒரு கரி கிடைக்கும். பேட்டரிக்குள் அந்தக் கரியை வைத்துச் சார்ஜ் ஏற்றினால் சோடியம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கூப்பிடும்போது எழுந்து வரும். ஆனால் எங்கே உட்காருகிறது? கரியின் அடுக்குகளுக்கு நடுவிலா, உள்ளே இருக்கிற பொந்துகளிலா? அதில் ஆளுக்கொரு கட்சி. எனக்கு அது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி செய்து விற்கிற எண்ணமெல்லாம் இல்லை.

முன்பே ஒருமுறை கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் காலம் முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டு சோடியத்தைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றில் தேறிவிட்டேன், நிபுணர் குழு ஆன்லைனில் பேசும் என்று மெயில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது மாமா. யாராக இருந்தால் என்ன, கரி, சோடியம், பொந்து என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். மறுமுனையில் "ம்", "ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது.

"இன்னும் இன்டர்வியூ இருக்குது மாமா. அது தேறினாத்தான் பணம் வரும்."

"அதெல்லாம் வந்துடும் பாப்பா. வுடு, நான் பாத்துக்கிறேன்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாதா கோயில் தேர்த்திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். விழுப்புரத்தில் பஸ் மாறி, முகையூர் தாண்டி எங்கள் ஊர் முனையில் வண்டி திரும்பியதும் ஜன்னல் வழியே என்னை நானே பார்த்தேன். ஒரு ஆள் உயரப் பேனர். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த போட்டோ, தலைநிறைய மல்லிகைப்பூ. முதுகுக்குப் பின்னால் ஒரு ராக்கெட் கிளம்பிக்கொண்டிருந்தது. பிரிண்டிங் கடையில் விஞ்ஞானத்துக்கு அந்த ஒரு படம்தான் இருந்ததாம். பக்கத்தில் மாமா, போனில். கீழே கொட்டை எழுத்தில், "மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியைப் பெற்ற எங்கள் வீட்டு விளக்கே!" அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. படிக்கத் தைரியமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னா மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? இன்னும் ரிசல்ட்டே வரலையே!"

"தேரு வர்ற நாளு பாப்பா. சுத்துப்பட்டு ஜனம் பூரா வரும். ஒன் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் தேரு நிக்குமா?"

"கெடைக்கலைன்னா?"

"மேல வேற பேனரு கட்டிடலாம். இதுக்குப் போயி பேஜாராயிக்கினு."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில் வாழ்த்தினார், ஊரே கைதட்டியது. மறுப்புச் சொல்ல மைக்கை எனக்கு யார் தருவார்கள்? திரும்பும்போது பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "போர்டுல இருந்தது நீங்கதான மேடம்? இனிமே கரண்டு பில்லு கொறையுமா?" என்றார். யாரோ பேனரைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட, எனக்கு முன்னால் அது திண்டிவனம் போய்ச் சேர்ந்திருந்தது. கல்லூரி முதல்வர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேட்டரி எப்ப ரெடியாகும்? நம்ம ஆபீஸ் யுபிஎஸ் ரொம்ப மோசம்மா" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

நேர்காணல் அன்று சத்தம் வரக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க லேப்டாப் முன் உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் குழுவில் இருந்த ஒரு அம்மா கேட்டார், "இதனால் உடனடிப் பயன் என்ன?"

அதற்குப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மலிவான பேட்டரி, மல்லாட்டை போடுகிற விவசாயிக்கு வருமானம், சோடியத்துக்கு மரக்காணம் உப்பு என்று அழகாக அடுக்கியிருந்தேன். ஆனால் கண்டக்டரின் முகமும் முதல்வரின் யுபிஎஸ்ஸும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்து, எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தில்லியில் இருக்கிற பெரியவர்கள் முன்னால் கெக்கெக்கே என்று சிரித்தேன்.

"உடனடிப் பயன் ஒன்றும் இல்லை மேடம்" என்றேன். "சோடியம் உள்ளே எங்கே உட்காருகிறது என்று தெரியாமலே எல்லோரும் பேட்டரி செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு அது தெரியணும்."

பிறகு யாரோ நன்றி சொன்னார்கள், திரை அணைந்தது. போச்சு என்று நினைத்தேன். ஃபேனைப் போடக்கூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் முனை வந்தால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன். ஒருநாள் பெருங்காற்று அடித்தது. அடுத்த முறை போனபோது கம்பு மட்டும் நின்றது, பேனர் இல்லை. விட்டது சனி என்று நானும் யாரிடமும் கேட்கவில்லை.

மெயில் வந்தபோது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஊர் வண்டிக்காக நின்றிருந்தேன். கொடுத்துவிட்டார்கள்! திரும்பத் திரும்பப் படித்தேன், மாறவில்லை. "ஐயோ" என்று கத்தியதில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா கூடையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பரீட்சை பாஸா?"

"பாஸுங்க!" என்று சொல்லிப் பை நிறையக் கொய்யா வாங்கினேன். பஸ்ஸில் முன்னும் பின்னும் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், "சும்மா சாப்பிடுங்க" என்றேன். எனக்கே நான் பைத்தியமாகத்தான் தெரிந்தேன்.

வீட்டு வாசலுக்கு ஓடினேன். "ம்மா! கெடச்சிடுச்சிம்மா!"

அம்மா குனிந்து மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "அதான் அன்னிக்கே போர்டு வெச்சாச்சே. இன்னைக்கு இன்னாடி புதுசா? பாத்து வா, காயிறத மிதிச்சிடாத."

குனிந்து பார்த்தேன். மல்லாட்டைக்கு அடியில் என் மல்லிகைப்பூ தெரிந்தது. பக்கத்தில் ராக்கெட்டின் வால். பறந்துபோன பேனரை மாமா தேடிப் பிடித்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார், அவள் அதை விரித்து மல்லாட்டை காயப்போட்டிருக்கிறாள். நான் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒதுக்கினேன். "நிதியைப் பெற்ற எங்கள் வீட்டு விளக்கே!" இப்போது அது பொய்யில்லை. இன்னும் கொஞ்சம் ஒதுக்கினேன். நான் ஒருநாளும் படிக்காத கடைசி வரி வந்தது.

"சோடியம் எங்கே போய் உட்காருகிறது? கண்டுபிடித்துச் சொல் பாப்பா! இப்படிக்கு, ஆவலோடு தாய்மாமன்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. என் ஆராய்ச்சியைக் கேட்டவர்களில் அந்த ஒரு மனிதர்தான் பயன் என்னவென்று கேட்கவில்லை.

"ஏண்டி ஆய்ஞ்சி கொட்டினதக் கலைக்கிற?" என்றாள் அம்மா.

"தோலு வேணும்மா. ஆராய்ச்சிக்கு."

"தோலுக்கா கவருமெண்டு பணம் குடுக்குது?" ஒரு மல்லாட்டையை உடைத்துத் தோலைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, தோல எடுத்துனு போ. பருப்ப வெச்சிட்டுப் போ."

பேனரின் ஓரமாக உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.