பாக்கியம் நிரப்பிய பலூன்கள்

கார்ட்டூன் போடுகிறவனுடைய வேலை சுலபமானதுதான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குள் ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவே. சொன்ன நேரத்துக்குள் எதையாவது முடித்துக் கொடுத்தே ஆக வேண்டிய பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால், மூன்றே முக்கால் மணி எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான் முதலில் சித்திரக்கதை வரைந்தேன், பிறகு நாளிதழுக்குக் கார்ட்டூன். இரண்டையும் யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. அதனால் தப்புகளெல்லாம் என் சொந்தத் தப்புகள்.

புல் மண்டிய ராஜ்ஜியம்

சித்திரக்கதை என்றால் அந்தக் காலத்தில் ராஜா இல்லாமல் நடக்காது. ராஜா என்றால் குதிரை இல்லாமல் நடக்காது. தென்காசியில் நான் பார்த்த குதிரைகளோ கோயில் வாகனங்கள் மட்டும். அவை முன்னங்கால் இரண்டையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். என் குதிரைகளும் அப்படியே நின்றன. பின்னங்கால் குளம்பு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. வாகனத்தில் அது பலகைக்குள் புதைந்திருக்கும். அதனால் குதிரை வருகிற இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல் வரைந்து மறைத்துவிடுவேன். காட்டில் புல், வயலில் புல், அரண்மனை வாசலிலும் புல்.

மூன்று கதைகள் இப்படியே அச்சாகி வந்துவிட்டன. நாலாவது கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பதிப்பாளர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோபிக்கவில்லை. “ஏன் தம்பி, ஒங்க ராஜா ஊர்ல புல்லு வெட்ட ஒரு ஆள்கூடவா கிடையாது?”

தொடர்கதையா, கார்ட்டூனா?

பிள்ளைகள் செல்போனுக்குப் போனதும் சித்திரக்கதைப் புத்தகம் நின்றது. எங்கள் பக்கத்து நாளிதழ் ஒன்றின் ஆசிரியர், சின்ன வயதில் என் ராஜாக்களைப் படித்தவர், “கார்ட்டூன் போட வாங்க அண்ணாச்சி” என்று கூப்பிட்டார். முதல் நாள் விஷயம், நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பஸ். பழக்க தோஷத்தில் ஆறு கட்டம் வரைந்தேன். இரண்டு பேர் வருகிறார்கள், நிற்கிறார்கள், பஸ் வருகிறது, கை காட்டுகிறார்கள், புழுதி, வெறும் ரோடு. ஆசிரியர் போனில், “அண்ணாச்சி, இது தொடர்கதையா, கார்ட்டூனா? நாலு மணிக்குள்ள ஒத்தைப் படமா அனுப்புங்க” என்றார்.

என் மனைவி பாக்கியம் மேலகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். படங்களை அங்கேதான் ஸ்கேன் செய்து அனுப்புவேன். அன்றைக்கு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவள் வெள்ளைத் தாள்களை எடுத்து ஐந்து கட்டங்களை மூடினாள். புழுதிக்குள் இரண்டு பேர் கை நீட்டி நிற்கிற கட்டம் மட்டும் மிஞ்சியது. ஒருவர் வாயருகே நான் வட்டம் போட்டுச் சும்மா விட்டிருந்தேன். எங்கள் தொழிலில் அந்தப் பேச்சு வட்டத்துக்குப் பலூன் என்று பெயர். சித்திரக்கதையில் படம் போடுகிறவர் ஒருவர், பலூனில் எழுதுகிறவர் வேறொருவர். அந்த வழக்கம் என் கையை விடவில்லை. பாக்கியம் பேனாவை வாங்கி, குண்டு குண்டான எழுத்தில் பலூனுக்குள் எழுதினாள்: ‘கரெக்ட் டயத்துக்கு வந்துட்டுப் போயிருச்சு.’ பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். “இது போதும். மிச்சத்தை ஜனங்க பாத்துக்கிடுவாங்க.”

ஜெராக்ஸ் கடை நீதிபதிகள்

அன்று முதல் அதுவே முறையாகிவிட்டது. நான் பலூனைக் காலியாக விட்டு வரைவேன். சொல்ல வேண்டியதை வாயால் பத்து வாக்கியத்தில் சொல்வேன். அவள் அதை நாலு வார்த்தையாக்கி எழுதுவாள். எழுதியதைக் கடை மேஜையில் வைத்து, வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பாள். சிரித்தால் போகும். சிரிக்காவிட்டால் வேறு பலூன்.

கடையம் ஊர்க்காரர், ரிட்டையரான ராணுவக்காரர் ஒருவர், பென்ஷன் தாள்களைப் பிரதி எடுக்க வந்தார். படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். மீசைகூட அசையவில்லை. எனக்கோ மணி மூன்றரை. “சிரிப்பு வரலையா அண்ணாச்சி?” என்று பாக்கியம் கேட்டேவிட்டாள். அவர் விறைப்பாகச் சொன்னார்: “வருது தாயி. ஆனா உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் எடுக்க வந்த எடத்துல சிரிச்சா நல்லாவா இருக்கும்?”

கட்டம்போட்ட சட்டை

சித்திரக்கதையில் ஒரு பாத்திரம் கடைசிப் பக்கம் வரை ஒரே உடுப்பில்தான் இருக்கும். இல்லாவிட்டால் வாசகருக்கு ஆள் பிடிபடாது. அதே புத்தியில், எங்கள் பகுதித் தலைவர் ஒருவரை எப்போதும் கட்டம்போட்ட சட்டையிலேயே வரைந்துவந்தேன். அவர் வாக்குக் கொடுத்த ரோடு வரவில்லை. என் கார்ட்டூனில் அவர் மட்டும் வாரம் ஒரு தடவை வந்தார்.

ஒரு நாள் அவரே கடைக்குள் நுழைந்தார். வெள்ளைச் சட்டை. பாக்கியம் மெதுவாக ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக் கஷ்டம் சொல்வதுபோலச் சொன்னார். “கட்டம்போட்ட சட்டை போட்டா, கார்ட்டூன்ல இருந்து எறங்கி வாரான்னு சிரிக்கானுவ. வெள்ளை போட்டா, கல்யாண வீட்ல யாருன்னே தெரியலங்கான். எதைப் போடட்டும்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.”

காலிப் பலூன்

பாக்கியம் தவறிப்போனது சாரல் காலத்தில். இரண்டு மாதம் நான் பேனாவைத் தொடவில்லை. ஆசிரியர் என் பழைய படங்களைப் போட்டு அந்த இடத்தை எனக்காக வைத்திருந்தார். அது எனக்கே கூச்சமாகிப் போய், “இன்னும் ஒண்ணு வரைஞ்சு பாக்கேன். சரியா வரலன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார்.

குற்றாலம் ஐந்தருவியில் அந்த வருஷம் கொஞ்ச நாள் தண்ணீரே விழவில்லை. காய்ந்த பாறை, எண்ணெய் தேய்த்துத் துண்டோடு நிற்கிற கூட்டம், மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்கிற அதிகாரி. வரைந்தேன். கோடு நன்றாகவே வந்தது. கடையைப் பாக்கியத்தின் தங்கை செல்வராணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கொடுத்து, மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். அதிகாரியின் பலூனில் ஒரு எழுத்தும் இல்லை. கை தன் பாட்டுக்கு அதைக் காலியாக விட்டிருக்கிறது. எழுத ஆள் இல்லை என்பதை மறந்து நானும் அனுப்பியிருக்கிறேன்.

இனி நமக்கு இந்த வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “பலூன் காலியா இருக்குன்னு நீயாவது சொல்லியிருக்கலாமே” என்றேன். “பாத்தேன் அத்தான். அக்கா எடத்துல யாரும் எழுத வேண்டாம்னு விட்டியளோன்னு நெனைச்சேன்” என்றாள். எதிர்த்த டீக்கடையில் ஒரே சத்தம். ஒருவர் பேனாவால் பலூனில் ‘தண்ணி மேல கெளம்பிட்டு, வந்துக்கிட்டிருக்கு’ என்று எழுதி உரக்கப் படித்தார். இன்னொருவர், ‘எண்ணெயைத் தொடைச்சிட்டு அடுத்த வருசம் வாங்க’ என்று எழுதிப் படித்தார். பேப்பர் கை மாறிக்கொண்டிருந்தது. நான் ரோட்டின் இந்தப் பக்கமே நின்றேன். பாக்கியம் சொன்ன அந்த ஜனங்கள்தான் அவர்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஆசிரியர் போன் செய்தார். மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க ஆபீஸ் பூரா, அண்ணாச்சி என்னமா யோசிச்சிருக்காருன்னு பாராட்டிட்டு இருக்காங்க. வெளிய சொல்லிராதீய. நாளைக்கு எழுத்தோட அனுப்புங்க, நாலு மணிக்குள்ள.”

கோணல் எழுத்து

இப்போது பலூனில் நானே எழுதுகிறேன். கோடு நேராக வருகிற கைக்கு எழுத்து ஏனோ நேராக வருவதில்லை. எழுதியதை அதே மேஜையில்தான் வைக்கிறேன். சென்ற வாரம் அந்த ராணுவக்காரர் மறுபடி வந்தார், வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க. படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை மீசை லேசாக அசைந்தது. “எழுத்து அந்த அம்மா எழுத்து மாதிரி இல்ல. ஆனா வார்த்தை அவங்க சொன்னாப்லதான் இருக்கு.”

இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு வாயை வரைந்தேன், அதில் பேச்சைப் போட்டது பாக்கியம், சிரித்தது ஜனங்கள்; பேர் மட்டும் எனக்கு வந்துவிட்டது.