நான்காம் சாட்சியின் கடைசி வரி

"ஒரு வரி விட்டுப்போச்சு சார்."

"விட்டது விட்டதாவே இருக்கட்டும்."

"கொலை வழக்கு சார். ரெண்டரைக்குத் தீர்ப்பு..."

"அதனாலதான் சொல்றேன், வாயை மூடு. இந்த மாசம் முடிக்கவேண்டிய கொலை வழக்கு ஆறு. இதோட ஆறும் முடிஞ்சுது. கண்ட நாவலையும் படிச்சு மூளை இளகிப்போச்சா? வரியை விட்டது யாரு? நீ. வேலை போனா யாருக்குப் போகும்? அதுவும் உனக்குத்தான்."

தலைமை எழுத்தர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மணி 1.34. அதன் பிறகு நடந்தது கனவல்ல. பட்டப்பகல். சாப்பிடக்கூட இல்லை நான், கண் சொக்குவதற்கு. நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு நடந்தது.

நான் நீதிமன்றத் தட்டச்சர். சாட்சி கூண்டில் நின்று சொல்வதை அடித்து, அவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். யாரும் படித்துக் காட்டுவதில்லை. 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றார்' என்று கடைசியில் அடிப்பதோடு சரி. ஒரே சம்பவத்துக்கு நான்கு சாட்சி என்றால், முதல் ஆளின் வாக்குமூலத்தைப் பிரதியெடுத்து, பெயரையும் வயதையும் தொழிலையும் மட்டும் மாற்றிவிடுவோம். "முன்னவர் மாதிரியே போட்டுக்கோம்மா" என்று அரசு வக்கீலே சொல்வார். கொலை வழக்குகள் மளமளவென்று முடிவது இப்படித்தான்.

இந்த வழக்கில் நான்காம் சாட்சி ஒரு தையல்காரர். கொலை நடந்த வீட்டுக்கு எதிரே கடை. ஆறு வாரத்துக்கு முன்னால், மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். கோர்ட்டே இலவசமாக அமர்த்திய எதிர்த்தரப்பு வக்கீல், "கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு வழக்குக்கு ஓடினார். நீதிபதி எழுந்து போனார். குற்றம் சாட்டப்பட்ட டிரைவரைப் போலீஸ் வெளியே கூட்டிப்போனது. அப்போதுதான் தையல்காரர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அலறல் கேட்டப்போ அந்த டிரைவர் என் கடையில நின்னான்மா. நான்தான் சட்டைக்கு அளவெடுத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குப் பசி. நீதிபதி இல்லாதபோது சொன்னது செல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முதல் சாட்சியின் பிரதியாக அடித்திருந்த காகிதத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். ஆறு வாரம் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தீர்ப்பு நாளன்றுதான் தலைமை எழுத்தரிடம் வாயைத் திறந்தேன்.

தலைமை எழுத்தர் போனதும் நீதிமன்ற அறையை உள்பக்கம் தாழிட்டேன். இரண்டரைக்குள் கோப்பைக் கட்டி மேசையில் வைக்க வேண்டும்.

1.41. டக்... டக்... மரத்தில் இரும்பு படும் சத்தம். நிமிர்ந்தேன். கூண்டு காலியாக இருந்தது. வெயிலுக்கு மரம் விரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

1.46. நான்காம் சாட்சியின் தாளைப் புரட்டினேன். கட்டைவிரலில் நீலம் ஒட்டியது. ஆறு வாரம் பழைய கையெழுத்து. மை ஈரமாக இருந்தது.

1.52. கூண்டின் சின்னக் கதவு 'கிரீச்' என்று திறந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒருவர் ஏறி நின்றபின் சாத்துவாரே... அப்படி.

டக்... டக்... டக்...

கூண்டின் விளிம்பில் ஒரு கை. நடுவிரல் நுனியில், தையல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இரும்பு உறை. மணிக்கட்டுக்கு மேலே... வெறும் வெயில்.

"எழுதினியா?"

குரல் கூண்டிலிருந்து வரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எழு... எழுதலை."

"ஏன்?"

"மறந்துட்டேன்..."

"பொய்."

பிடரியில் இரும்பு பட்டது. பனிக்கட்டிபோல்.

"எங்கிருந்து எழுந்து வந்தேன் தெரியுமா? உனக்குச் சோறு பெருசாப் போச்சு."

இரும்பு அழுத்தியது.

நான் திரும்பவில்லை.

மூச்சு விடவில்லை...

2.26. யாரோ கதவை இடித்தார்கள். போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. நடுவில் அரை மணி நேரம் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2.30. நீதிபதி வந்து அமர்ந்தார். டிரைவர் கைகூப்பி நின்றார். நான் எழுந்தேன்.

"என்னம்மா?" என்றார் நீதிபதி.

தலைமை எழுத்தர் என்னையே முறைத்தார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

நான்கே நிமிடம். ஆயுள் தண்டனை. நான்கு சாட்சிகளும் அச்சு மாறாமல் ஒன்றுபோலவே சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லையாம். டிரைவர் அழவில்லை. யாரையோ தேடுவதுபோல் சாட்சிக் கூண்டைப் பார்த்தார்.

மறுநாள் மாலை, வாக்குமூலத்தின் நகலோடு தையல்காரர் வீட்டைத் தேடிப் போனேன். மேல்முறையீட்டில் அவரே வந்து சொல்லிவிட்டால் டிரைவர் பிழைப்பார். ஆனால் என்னைத் தொட்டது யாருடைய கை? தையல்காரர் உயிரோடு இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். கடை பூட்டியிருந்தது. பின்கட்டில் அவர் மனைவி இருந்தார்.

"கோர்ட்டா? போ வெளியே! அன்னைக்கு அவரு வரலைன்னு இப்போ அபராதம் போட வந்தியா?"

"வந்தாரேக்கா. நான்தானே கையெழுத்து வாங்கினேன்?"

"எந்தத் தேதி?"

சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலையில எட்டே முக்காலுக்கு, கோர்ட்டுக்குக் கிளம்பறேன்னு செருப்பை மாட்டினவரு இந்த வாசல்லயே விழுந்தாரு. டாக்டர் வந்து கையை விரிச்சுட்டாரு. மதியம் ஒண்ணரைக்குக் குழிக்குள்ள இறக்கிக்கிட்டிருந்தோம். நீ யார்கிட்டடி கையெழுத்து வாங்கினே?"

நகலை நீட்டினேன்.

கையெழுத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். கதவைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அவருதுதான்... அவரு கையெழுத்துதான்..."



"ஏம்மா... கூண்டுல நின்னு அவரு கடைசியா என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."