பலாச் சீசனில் நெய்வேலி: சன்னலோரம் ஒரு வேட்டைக்காரர்

1983 மே மாதம் நெய்வேலிக்குப் போனேன். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸில் குடியேறிய தங்கை சாந்தியின் வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாமல் வழியில் பண்ருட்டியில் இறங்கி எட்டு ரூபாய்க்கு ஒரு பலாப்பழம் வாங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

"ஒரு ஆளு எடத்த புடிச்சிக்கினு இருக்குதுங்க, இதுக்கும் சீட்டு வாங்கிக்குங்க" என்றார் கண்டக்டர், பழத்தைக் காட்டி. வாங்கினேன்.

மாப்பிள்ளை முருகேசன் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டுகிறவர். அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். விடியற்காலையில் மெஷினிலேயே கண் அசந்துவிட்டாராம். "இன்னைக்காவது அவர் நல்லாத் தூங்கணும்ணே. ராத்திரி திரும்ப ஏறணும்" என்றாள் சாந்தி. நானோ வந்ததும் வராததுமாகப் பழத்தை வெட்டி, சக்கையைப் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே குவித்தேன். எங்கிருந்துதான் வந்தனவோ அத்தனை ஈக்கள். உள்ளே கட்டில் கிரீச்சிட ஆரம்பித்தது.

சக்கையை அள்ளித் தோட்டத்துக் கோடியில் புதைத்தேன். பெரும்பாலான ஈக்கள் போய்விட்டன. ஏழெட்டு மட்டும் சன்னலை விடவில்லை.

அப்போதுதான் துணிக்கம்பியில் அவர் வந்து உட்கார்ந்தார். ஒல்லி உடம்பு, முகமெல்லாம் தாடி, முள்முள்ளாய்க் கால்கள். கொள்ளைக்கார ஈ என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஒரே பாய்ச்சல். பறக்கிற ஈயை அந்தரத்திலேயே கால்களால் வளைத்துப் பிடித்து, அதே கம்பிக்குத் திரும்பி, ஊசி போன்ற வாயைக் குத்தி நிதானமாக உறிஞ்சினார். ஈயின் வெறுங்கூட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தயார். ஒரு தடவைகூடக் குறி தப்பவில்லை. நான் சொக்கிப்போனேன்.

சாந்தி வாளியோடு வந்தாள். அதில் துவைத்த முருகேசனின் காக்கிச் சட்டை. கம்பியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"துணி போட்டா பறந்துருமோண்ணே?"

வாளி அப்படியே இருந்தது. சன்னல் வழியே குறட்டை கேட்டது. என் உயிர் திரும்பி வந்தது.

நாலு மணிக்கு முருகேசன் எழுந்த பிறகுதான் சட்டை கம்பிக்குப் போனது. போட்ட கையோடு கோடை மழை. இரவு ஈரம் சொட்டாத குறையாக அதை மாட்டிக்கொண்டு முருகேசன் சைக்கிளை எடுத்தார். சாந்தியின் முகம் வாடிவிட்டது.

"சட்டை மெஷின்லயே காஞ்சுரும். தூக்கத்த அங்க போயா முடிக்க முடியும்?" என்று சிரித்துக்கொண்டே மிதித்தார்.

பலாச் சீசனில் நெய்வேலி போகிறவர்கள், பழம் வாங்கும் முன் வீட்டுக்காரருக்கு எந்த ஷிப்ட் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். துணிக்கம்பியில் தாடிக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால், துவைத்தது கொஞ்சம் காத்திருக்கட்டும்.