தண்ணீர் வந்த பக்கம் நடந்த மாமனார்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஒகேனக்கல் அருவிக்கரையில் என் மாமனாரைத் தொலைத்துவிட்டேன். கர்த்தர் அவரைத் திரும்பத் தந்தார். அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் சிதம்பரத்தில் இருக்கிறோம். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. காட்டுமன்னார்கோயில் பக்கம் கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில், நெல் பயிரிட்டவர். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகு வரைக்கும் மேலே நடந்துபோய், சண்டை போட்டுத் திறந்துவிட்டு வருவாராம். நிலத்தை விற்று எங்களோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. தினமும் காலையில், "தண்ணி வந்துச்சாம்மா?" என்று கேட்பார். "நெலத்த வித்தாச்சு மாமா, எத்தினி தடவ சொல்றது?" என்று எரிந்துவிழுவேன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். சபையில் எல்லாருக்கும் தெரியும்.

சபையாரோடு வேனில் போனோம். ஏறும்போதே என் கணவரிடம், "இவர இழுத்துக்கிட்டு அருவிக்குப் போவணுமா? பெரிய பாரம்" என்றேன். மாமா பக்கத்தில்தான் நின்றார்.

அன்று ஆற்றில் தண்ணீர் ஜாஸ்தி. குளிக்கத் தடை. பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடிய இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. போட்டோ எடுக்க மாமாவின் கையை விட்டேன். ஒரே ஒரு போட்டோ. திரும்பினால் ஆள் இல்லை.

எல்லாரும் கீழ்ப்பக்கம் ஓடினார்கள். ஆறு இழுத்திருந்தால் அங்கேதானே கொண்டுபோகும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கணவர் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் மட்டும் மீன் வறுக்கிற கடையோரம் அப்படியே முழங்காலிட்டேன்.

"ஆண்டவரே, பாரம்னு சொன்ன வாய மன்னிச்சுடுங்கப்பா. மாமாவ திருப்பிக் குடுங்கப்பா."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

அப்போது மனசில் ஒன்று தோன்றியது. கடைமடைக்காரர் தண்ணீரைப் பார்த்தால் கீழே போவாரா? யார் திறந்துவிட்டார்கள் என்று பார்க்க மேலே அல்லவா போவார்? இது என் புத்தி இல்லை. ஆறு வருஷம் கூடவே இருந்தும் எனக்கு எட்டாத விஷயம். ஆண்டவர்தான் உணர்த்தினார்.

மேல்பக்கம் ஓடினேன். பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்த துறையைத் தாண்டி, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வந்துட்டியாம்மா. பாரு, நல்லா தெறந்துட்டாங்க. இனிமே சண்ட போட வேணாம். நம்ம ஏரி ரொம்பிடும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். போனில் கூப்பிட்டதும் ஓடி வந்த என் கணவர், அப்பாவைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மாமாவுக்கு எதற்கு அழுகிறான் என்றே புரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது தப்பே இல்லை. அந்தக் காவிரித் தண்ணீர்தான் கொள்ளிடம் வழியாக மாமாவின் வயலுக்குத் தண்ணீர் தந்த எங்கள் வீராணம் ஏரிக்கு வருகிறது. அவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்த நான்தான் தெரியாதவள்.

இப்போதும் காலையில் கேட்கிறார். "வந்துடுச்சு மாமா, ரொம்பி ஓடுது" என்கிறேன். சந்தோஷமாகக் காபியை வாங்கிக்கொள்கிறார். மாதம் ஒருமுறை டவுன் பஸ்ஸில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். கையை மட்டும் விடுவதில்லை.

பிரியமானவர்களே, நீங்கள் பாரம் என்று நினைக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நான் தொலைத்த பிறகு முழங்காலிட்டேன், அதற்கும் ஆண்டவர் பதில் கொடுத்தார். நீங்கள் தொலைப்பதற்கு முன்னாலேயே அவரிடம் கேளுங்கள்.